முடிக்கத் தெரிந்தவர்

சென்ற ஆனி மாதக் கடைசியில் குற்றாலம் போயிருந்தேன். தென்காசியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குற்றாலம் போவது ஒரு பிரயாணமே அல்ல. மூன்று மைல் தூரம். ஆனாலும் சாரல் விழத் தொடங்கிவிட்டால், எங்கள் ஊர்க்காரர்களுக்குக்கூட அது ஏதோ வெளியூர்போல ஆகிவிடுகிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் நின்றுவிட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நான் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் வந்திருந்தார். தேநீர் வருவதற்குள் அவர் ஒரு கேள்வியைப் போட்டார்.

"ஏன்வே, நாவலப் பத்தி எழுதுதீரு, சினிமாவப் பத்தி எழுதுதீரு. வீட்டுக்கு வீடு ராத்திரி ஓடுதே டி.வி. நாடகம், அதப் பத்தி மட்டும் ஒரு வரி எழுத மாட்டேங்கீரே? உம்ம கௌரவத்துக்குக் கொறச்சலோ?"

கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை என்றேன். எனக்கு இருப்பது பயம். ஒரு கதையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டுமானால் அது முடிந்திருக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகுதான் தொடக்கம் எதற்காக என்பது தெரியும். டெலிவிஷன் நாடகமோ முடிவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ரயிலுக்கு நீளம் அளப்பது எப்படி?

"முடிஞ்சத வச்சி எழுதும். பாலசந்தர் எழுதினதெல்லாம் முடியலியா?" என்றார் நண்பர்.

அந்தப் பேச்சுத்தான் இந்தக் கட்டுரை.

குற்றாலத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு விஷயத்தை யோசிப்பதில் பொருத்தம் இல்லாமல் இல்லை. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தை, 1954 வரை, இங்கேதான் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கிப் பேசிய இடம் இது. அதற்கு முன் திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டியில் ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்பப் பாடி, முழுதாக அநுபவித்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார்களாம். ரசிப்பதற்கு இடைவெளி வேண்டும் என்பது அந்த முற்றத்துப் பாடம். கேட்டதை மனசில் போட்டு உருட்டிப் பார்க்க ஓர் இரவாவது வேண்டாமா?

பாலசந்தர் டெலிவிஷனுக்கு வந்தபோது அப்படி ஓர் இடைவெளி இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், அவ்வளவுதான்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 1930இல் நன்னிலத்துப் பக்கம் பிறந்தவர். சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். பகலில் கணக்கு, சாயங்காலத்தில் நாடகம் என்று வாழ்ந்தவர். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி' எல்லாம் சபா மேடைகளில் வெற்றி பெற்ற பிறகே திரைக்கு வந்தன. 1965இல் 'நீர்க்குமிழி'யை அவரே படமாக இயக்கினார். சபா நாடகம் எழுதுகிறவனுக்கு ஒரு கட்டாயம் உண்டு. இரண்டரை மணி நேரத்தில் திரையை இறக்கியாக வேண்டும். பார்க்க வந்தவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். கணக்கு ஆபீஸும் நாடக மேடையும் அவருக்கு ஒரே பாடத்தைத்தான் கற்றுக் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது: கடைசியில் கூட்டிக் கோடு போட வேண்டும்.

1974இல் அவர் எடுத்த படத்துக்கு 'அவள் ஒரு தொடர்கதை' என்று பெயர். ஒரு குடும்பத்தைத் தன் சம்பளத்தில் தாங்குகிற பெண்ணின் கதை அது. படம் முடிகிறபோது அவள் கஷ்டம் முடியவில்லை. பழையபடி வேலைக்குப் போகும் அன்றாடத்துக்கே திரும்புகிறாள். ஆனால் படம் முடிந்துவிடுகிறது! வாழ்க்கை தொடர்கதையாக இருக்கலாம், அதைச் சொல்கிறவன் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை அந்தத் தலைப்பைச் சூட்டியவர் நன்றாகவே அறிந்திருந்தார். பின்னால் வந்த டெலிவிஷன்காரர்கள் தலைப்பை மாத்திரம் எடுத்துக்கொண்டு, படத்தை மறந்துவிட்டார்கள்.

1990களின் தொடக்கத்தில் அவருடைய 'ரயில் சினேகம்' தூர்தர்ஷனில் வந்தது. தென்காசியில் அந்தக் காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெடுங்காலம் மொட்டையாக நின்ற எங்கள் காசி விசுவநாதர் கோயில் கோபுரம் மறுபடி எழும்பி, 1990இல் குடமுழுக்கு ஆகியிருந்தது. அண்ணாந்து பார்க்க ஊருக்குப் புதிதாக ஒரு கோபுரம்; குனிந்து பார்க்க வீட்டில் ஒரு பெட்டி. எங்கள் தெருவில் அத்தை வீட்டில்தான் பெட்டி இருந்தது. நாடகம் வரும் நாளில் பட்டாசலில் பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிவிடுவார்கள். அரை மணியில் நாடகம் முடியும். பேச்சு முடியாது. ஒரு வாரம் முழுக்கக் கிணற்றடியிலும் கடைத்தெருவிலும், அந்தப் பாத்திரம் செய்தது சரியா தப்பா என்று வழக்கு நடக்கும். அத்தை அநேகமாக நீதிபதி. வட்டத்தொட்டி என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் வேறு என்னவாம் அது?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பாலசந்தரின் சினிமாவைப் பற்றி எனக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. அவருடைய பாத்திரங்கள் அதிகம் பேசுகிறார்கள். சாமர்த்தியமாகப் பேசுகிறார்கள். சில சமயம், ஆசிரியரே பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் நின்று, "எப்படி என் வசனம்?" என்று நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவதுபோல் இருக்கும். பெரிய திரையில் அது உறுத்தும். அதே பேச்சு அந்தச் சின்னப் பெட்டிக்குள் வந்தபோது உறுத்தவில்லை, இடத்துக்குப் பொருந்திவிட்டது. காரணம் எளிது. டெலிவிஷன் மலையையும் கடலையும் காட்டுவதற்கான சாதனமல்ல. முகத்தையும் குரலையும் காட்டுவதற்கானது. அடுப்படியில் தாளித்துக்கொண்டே காதால் கேட்கிறவர்களுக்கும் அது கதை சொல்ல வேண்டும். மேடையில் பழகிய கைக்கு இது சொந்த வீடு. சினிமாவில் குறையாக இருந்த குணம் டெலிவிஷனில் நிறையாயிற்று.

'கையளவு மனசு' எனக்கு அவருடைய தொடர்களில் மிகவும் பிடித்தது. கீதா நடித்தார். சாவு நிச்சயமாகிவிட்ட ஒரு தாய், தன் குழந்தைகளை ஒவ்வொருவராக வேறு வேறு வீடுகளில் ஒப்படைக்கிறாள். அழ வைப்பதற்கென்றே செய்த கதை என்று சொல்லிவிடலாம், அழவும் வைத்தது. ஆனால் அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். முடிவு எங்கே என்பதைக் கதை தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டு புறப்படுகிறது. தாய்க்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகள் எத்தனையோ அத்தனை கட்டங்கள். கடைசிக் குழந்தைக்கும் ஒரு வீடு கிடைத்துவிட்டால் அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? இழுக்க நினைத்தாலும் இழுக்க முடியாத கதை. அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்ததே பாதி விமரிசனத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறது.

தயாரிப்பாளராக அவர் செய்ததும் இதே வழியில்தான் இருந்தது. 'மின் பிம்பங்கள்' என்ற அவருடைய ஸ்தாபனம், நாகா என்ற இளைஞரை இயக்கச் சொல்லி, இந்திரா சௌந்தர்ராஜனை எழுதச் சொல்லி, 'மர்மதேசம்' என்ற தொடரைக் கொண்டுவந்தது. அதில் 'விடாது கருப்பு' வந்த காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பேசாத வாய் கிடையாது. கருப்பசாமி எங்களுக்குக் கதையல்ல. ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிறவர். அவர் பெயரால் கொலை நடக்கிறது, செய்வது சாமியா மனிதனா என்று கேட்டால், வாரா வாரம் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்க்கமாட்டார்களா? மர்மக் கதைக்கு ஒரு தர்மம் உண்டு. விடையைத் தள்ளிப் போடலாம். சொல்லாமல் போக முடியாது. தம்முடைய பாணி அல்லாத கதையைத் தம் பணத்தில், தம் பெயரின்கீழ், இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றது பெரிய மனசு. சினிமாவிலும் அவருடைய 'கவிதாலயா' மணிரத்னத்தின் 'ரோஜா'வைத் தயாரித்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

பிறகு காலம் மாறிற்று. 1993இல் சன் டி.வி. வந்தது. மற்றவை தொடர்ந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் வாரத்துக்கு ஒரு நாள் என்பது போய், வாரத்துக்கு ஐந்து நாள் என்றாயிற்று. 'சித்தி'யும் 'மெட்டி ஒலி'யும் 'கோலங்க'ளும் வந்த யுகம் அது. 'மெட்டி ஒலி' 800 பகுதிகளைத் தாண்டியது. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 1500ஐத் தாண்டி, 2009இல்தான் நின்றது. ஆயிரத்தைந்நூறு அரை மணி என்றால் 750 மணி நேரம். விளம்பரங்களையும் சேர்த்து, ஊண் உறக்கமின்றிப் பார்த்தால் ஒரு மாசம் ஆகும். அவற்றில் திறமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாரை நான் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அவ்வளவு உண்மை அது. குறை எழுதியவரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

அன்றைய ஏற்பாடு இப்படி: தயாரிப்பாளர் நிலையத்துக்குப் பணம் கட்டி நேரத்தை வாங்குவார். அந்த நேரத்துக்குள் வரும் விளம்பரங்களை விற்று, போட்டதை எடுப்பார். புதுக் கதை ஒன்று ஜனங்களின் மனசில் இடம் பிடிக்கப் பல மாசம் ஆகும்; அதுவரை நஷ்டம். ஏற்கனவே இடம் பிடித்த கதையோ நாளுக்கு நாள் லாபம். அப்படியானால் ஓடுகிற கதையை எந்த வியாபாரி நிறுத்துவான்? அமெரிக்காவில் சோப்புக் கம்பெனிகள் ரேடியோ நாடகத்துக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து இதே சங்கதிதான். 1937இல் ரேடியோவில் தொடங்கி, 1952இல் டெலிவிஷனுக்குத் தாவிய 'கைடிங் லைட்' என்ற கதை 2009 வரை 72 வருஷம் ஓடிற்று. ஆரம்பித்தவருக்குப் பிறகும் கதை உயிரோடு இருந்தது. நம் நாட்டில் 1984இல் தூர்தர்ஷன் 'ஹம் லோக்' தொடங்கியபோது, எழுத வந்தவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி என்ற நாவலாசிரியர். அடுத்த வருஷமே முடித்துவிட்டார். நாவலாசிரியருக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டல்லவா?

இந்தப் புது ஏற்பாட்டுக்குள் பாலசந்தரும் வந்தார். 'அண்ணி', 'சஹானா' என்று தொடர்கள் தந்தார். 'சஹானா' 1985இல் வந்த 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சி. இங்கேதான் நான் அவரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. 'சிந்து பைரவி'யின் முடிவில், தான் பெற்ற குழந்தையை பைரவியிடம் கொடுத்துவிட்டு சிந்து போய்விடுகிறாள். எங்கே போனாள், என்ன ஆனாள்? தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்தப் படத்தின் அழகு. கச்சேரி முடிந்த பிறகும் தம்புராவின் நாதம் கொஞ்ச நேரம் காதில் நிற்குமே, அந்த மாதிரி. கச்சேரி முடிந்து மங்களமும் பாடிவிட்ட வித்வான் திரும்பவும் மேடையேறி, விட்ட இடத்திலிருந்து ராகத்தை எடுக்கலாமா? எடுக்கலாம், ஞானஸ்தர், நன்றாகவே பாடுவார். ஆனால் காதில் நின்றிருந்த நாதம் போய்விடும். முடிக்கத் தெரிந்த மனிதர் தாமே மூடிய கதவைத் தாமே திறந்தார் என்பது என் வருத்தம். அதைத் திறக்கச் சொன்னது அவருடைய கலை அல்ல, காலம் என்றே நான் நினைக்கிறேன்.

எண்பது வயசைத் தாண்டிய பிறகும் 2012இல் 'அமுதா ஒரு ஆச்சரியக்குறி' என்று ஒரு தொடர் தந்தார். தாதாசாகிப் பால்கே விருது வாங்கிய பிறகும் சின்னத்திரை சின்னது என்று அவர் நினைக்கவில்லை. 2014 டிசம்பரில் காலமானார். ஆச்சரியக்குறி அவருக்குப் பிடித்த குறிதான். ஆனால் அவருடைய உண்மையான பலம் முற்றுப்புள்ளியில் இருந்தது என்பது என் கட்சி.

இப்படித் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நானும் அந்தக் குற்றம் செய்தவன். பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்தது. முப்பது வாரத்தில் முடிய வேண்டியது. இருபத்தெட்டாம் வாரம் ஆசிரியர் கூப்பிட்டு, "நன்றாகப் போகிறதே, தீபாவளி வரைக்கும் கொண்டுபோங்களேன்" என்றார். கொண்டுபோனேன். கதாநாயகியின் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டேன். ஒரு கடிதத்தைத் தொலைத்தேன். பம்பாயிலிருந்து ஒரு மாமாவை வரவழைத்தேன். பன்னிரண்டு வாரம் ஓடிற்று, சன்மானமும் வந்தது. புத்தகமாகப் போடும்போது வெட்கப்பட்டு அந்தப் பன்னிரண்டு அத்தியாயங்களையும் எடுத்துவிட்டேன். இன்றுவரை ஒரு வாசகர்கூட, "அந்த மாமா எங்கே?" என்று கேட்டதில்லை. அந்தப் பெண்ணைப் பன்னிரண்டு வாரம் நான் அழ வைத்தது எவருக்கும் தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கல்கியை நினைத்துக்கொள்கிறேன். 1950 முதல் 1954 வரை மூன்றரை வருஷம் 'பொன்னியின் செல்வன்' எழுதினார். அவர் நினைத்திருந்தால் இன்னும் மூன்றரை வருஷம் ஓட்டியிருக்கலாம். முடித்தபோது வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று துளைத்துவிட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். கதையை நீட்டவில்லை. தொடர்கதை எழுதுவதில் குற்றமே கிடையாது; நிறுத்தத் தெரியாததுதான் குற்றம்.

காசு வாங்கிக்கொண்டு எழுதுவதிலும் குற்றமில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரம் இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயர் ஊர். அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியும் நாடகந்தான். அதைப் பாராட்டி மதுரை நாயக்கர் நிலம் கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர். ஆதரித்தவர் அரசர், எழுதியவர் புலவர், பார்த்தவர்கள் ஜனங்கள். இன்றைய ஏற்பாடும் அதேதான் என்று யாராவது வாதாடலாம். ஒரே ஒரு வித்தியாசம். நிலம் கொடுத்தவர் முடிந்த நூலுக்குக் கொடுத்தார். சிங்கன் சிங்கியைக் கண்டுபிடிப்பதை இன்னும் இருநூறு பாட்டுக்குத் தள்ளிப் போடு என்று ஏக்கர் கணக்கில் பேரம் பேசவில்லை.

இவ்வளவையும் தேநீர்க் கடையில் நண்பரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்று இப்போது தெரிகிறது.

'ரயில் சினேகம்' நாளில் நீதிபதியாக இருந்த அத்தை, கடைசி வருஷங்களில் கட்டிலோடு ஆகிவிட்டாள். பாய் விரித்துக் கூடிய பெண்கள் இல்லை. வீட்டுக்கு வீடு பெட்டி வந்துவிட்டது. தினந்தோறும் ராத்திரி ஒரு தொடர் பார்ப்பாள். எந்தத் தொடர் என்று சொல்லப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். அதில் ஒரு மருமகள் வருஷக்கணக்காக அழுதுகொண்டிருந்தாள். ஒரு நாள் நான் பார்க்கப் போனபோது அத்தை கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எய்யா, நீ கத எழுதுதவன்லா. இந்தப் புள்ளைக்கி எப்பய்யா விடியும்? நான் கண்ண மூடுததுக்குள்ள பாத்துருவேனா?"

"சீக்கிரம் முடிஞ்சிரும் அத்தை" என்றேன்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கலாம். அந்தக் கார்த்திகையில் அத்தை போய்விட்டாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சாயங்காலம் எல்லாரும் பட்டாசலில் உட்கார்ந்திருந்தபோது, பழக்க தோஷத்தில் யாரோ பெட்டியைப் போட்டுவிட்டார்கள். அந்த மருமகள் அதே மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்குமேல் அழுதாள் என்று கேள்வி.

ஒரு கிழவி தன் மிச்ச ஆயுளில் தினம் அரை மணி நேரத்தை நம்பிக்கையோடு ஒரு கதைக்குக் கொடுத்தாள். பதிலுக்கு அவள் கேட்டது ஒரு விடியல். அதுவும் கற்பனை விடியல். அதைக்கூடக் கொடுக்காத கதை எத்தனை ஆயிரம் பகுதி ஓடினால் என்ன? தொடக்கத்திலேயே முடிவைக் கட்டி வைத்த மனிதரின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. 'கையளவு மனசு' பார்த்தபோது அத்தை அழுதாள். ஆனால் அது முடிந்த அன்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தாய் எல்லாத்தயும் ஒழுங்கு பண்ணிட்டுப் போயிட்டா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் நண்பர் விடாமல் ஓர் ஆட்சேபம் கிளப்பினார். "முடிவு முடிவுங்கீரே, இந்த அருவிக்கி முடிவு இருக்கா? விழுந்துக்கிட்டேதான இருக்கு?"

"மாசி பங்குனியில் வந்து பாரும். வெறும் பாறைதான் நிற்கும். நின்று போவதனால்தான் ஆனியில் நாம் ஓடி வருகிறோம்" என்றேன்.

அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தென்காசி பஸ் வந்துவிட்டது.